பிள்ளைகள் தாமே பூட்டும் ரோபோ: பெற்றோர் அறிய வேண்டியவை

(கோடை விடுமுறைக் கைவேலை வகுப்பின் முதல் நாளன்று, பெற்றோருக்காக நமது அறக்கட்டளையின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், நோன்புக்கால மளிகைப் பை என்று பேசிவந்த இந்த மேடையில் இன்று ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 'அறக்கட்டளைக்கு வேறு வேலை இல்லையா?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இந்த வகுப்புக்கு ஸகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படவில்லை. ஸகாத் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கே போகிறது. இது, பிள்ளைகளின் விடுமுறைக்கென்றே சில சகோதரர்கள் தனியாகத் தந்த நன்கொடை. அதன் வரவு செலவு வழக்கம்போல் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்.

இரண்டாவது, ஏன் இந்த வகுப்பு என்பது. பள்ளிக்கூடம் மூடியதும் நம் வீடுகளில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். காலையில் மக்தப் முடிந்து வரும் பிள்ளை போனை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தலை நிமிர்கிறது. 'போனை வை, போனை வை' என்று ஐம்பது முறை சொல்கிறோம். வைத்த பிறகு அந்தக் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. வேலை இல்லாத கை மறுபடியும் போனைத்தான் தேடும். அந்தக் கைக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளில் ஒன்றாகத்தான் இந்தச் சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்திருக்கிறோம்.

இது என்ன பொருள்?

பெட்டியைத் திறந்தால் பொம்மை இருக்காது. உள்ளே நான்கைந்து பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கொடியில் காய் தொங்குவதுபோல் சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே படங்களால் ஆன ஒரு விளக்கத்தாள். பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, தாளில் உள்ள வரிசைப்படி ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டினால் ஒரு ரோபோ உருவாகும். பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம், திருப்புளி வேண்டாம். பூட்டி முடித்த பிறகு காலை மடக்கி, கையை உள்ளே தள்ளி, முதுகைத் திருப்பினால் அதே ரோபோ விமானமாகவோ வண்டியாகவோ மாறும்.

இது ஜப்பானில் வளர்ந்த கலை. அங்கே 1979-இல் 'கண்டம்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. மறு ஆண்டு, 1980 ஜூலையில், அந்தத் தொடரில் வரும் ரோபோவை பண்டாய் நிறுவனம் பூட்டும் பெட்டியாக வெளியிட்டது. விலை 300 யென். பள்ளிப் பிள்ளைகள் கைக்காசில் வாங்கக்கூடிய விலை. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள அந்த இயந்திரத்தை 144-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள் பிள்ளைகளே, பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். உங்கள் உள்ளங்கையில் நிற்கும் அளவு. அன்று முதல் இன்றுவரை அந்த வகைப் பெட்டிகள் 50 கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன.

ஆரம்பத்தில் வந்தவற்றைப் பசை போட்டு ஒட்டி, வண்ணமும் நாமே அடிக்க வேண்டியிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகையும், பாகமே தன் நிறத்தோடு வரும் வகையும் வந்தன. 1990-இல் வந்த புதிய வரிசையில் ஒரே சட்டத்தில் நான்கு நிறப் பாகங்களை அச்சில் வார்த்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகள்கூடத் தாமாகச் செய்து முடிக்கும் நிலை இப்படித்தான் வந்தது.

இந்தப் பொருள்கள் பெரும்பாலும் தயாராகும் ஊர் ஷிஸுவோகா. அந்த ஊர் பழங்காலம் தொட்டு மரவேலைக்குப் பேர்போனது. மரத்தில் கப்பலும் விமானமும் மாதிரியாகச் செய்து விற்ற கடைகள், பிளாஸ்டிக் வந்ததும் பிளாஸ்டிக்குக்கு மாறின. காலம் மாறியபோது தச்சர்களின் ஊர் தன் கைத்திறனைக் கைவிடாமல் வேறு பொருளுக்கு மாற்றிக்கொண்டது. பாய் முடைவதும் தோல் பதனிடுவதும் பாரம்பரியத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உருவம் மாறுவது எப்படி?

மாறும் ரோபோ என்றதும் நம் பிள்ளைகள் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று சொல்வார்கள். அந்தப் பெயரில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-இல் விற்கத் தொடங்கிய பொம்மைகள், ஜப்பானின் தகாரா நிறுவனம் அதற்கு முன்பே டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற பெயர்களில் செய்துவந்தவைதாம். பெயரும் கதையும்தான் புதிது.

இந்தத் துறையில் ஷோஜி கவாமோரி என்றொரு வடிவமைப்பாளர் இருக்கிறார். 1982-இல் வந்த 'மேக்ரோஸ்' தொடருக்காக வால்கிரி என்ற விமான ரோபோவை வடிவமைத்தவர். ஒரு வடிவம் மடங்கி இன்னொன்றாக வருமா என்று பார்க்க அவர் லெகோ கட்டைகளை அடுக்கிப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். காகிதத்தில் அழகாக வரைந்துவிடலாம். கையில் எடுத்து மடக்கினால்தான் எது எதில் இடிக்கிறது என்று தெரியும்.

அந்த வால்கிரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். விமானமாக இருக்கும்போது அமெரிக்கப் போர் விமானமான எஃப்-14 போலவே தோன்றும். அதன் இரண்டு எஞ்சின்களும்தாம் ரோபோவின் இரண்டு கால்கள். பின்னால் நெருப்புக் கக்கும் வாய்கள்தாம் பாதங்கள். கைகள் இரண்டும் எஞ்சின்களுக்கு நடுவே வயிற்றடியில் ஒளிந்திருக்கின்றன. இறக்கைகள் மடிந்து முதுகுக்குப் போகின்றன. ஆக, ஒரு பாகத்தையும் கழற்றி எறியாமல், எல்லாவற்றுக்கும் இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: 'கால் எங்கே போய் ஒளியும்? கை எங்கே போகும்?' பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே மடக்கிப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சிறிய பெட்டிகள் எல்லாமே முழுவதும் மடங்கி மாறுபவை அல்ல. சிலவற்றில் ஒன்றிரண்டு பாகங்களைக் கழற்றிவிட்டு வேறு பாகத்தை மாட்டித்தான் விமான வடிவம் வரும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள படங்களைப் பார்த்தால் இது தெரியும். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை ஏமாந்து நிற்பதைவிடக் கடையிலேயே பார்த்து வாங்குவது மேல்.

பூட்டும் முறை

இப்போது செய்முறைக்கு வருவோம். தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உடன் உட்காரப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

முதலில் இடம். விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளம் அல்லது டிரே எடுத்து, அதன்மேல் வெளிர்நிறத் துணி ஒன்றை விரியுங்கள். கைதவறும் சின்னப் பாகம் துள்ளி ஓடாது, கண்ணுக்கும் தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். வெட்டிய பாகங்களைப் போட நான்கு கிண்ணங்கள் போதும்.

அடுத்து, தாளைப் படிப்பது. எடுத்ததும் வெட்டத் தொடங்கும் பிள்ளைதான் அதிகம். கையைப் பிடித்து நிறுத்துங்கள். விளக்கத்தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து ஜப்பான் மொழியில் இருந்தாலும் கவலையில்லை. படமும் எண்ணும் போதும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் அருகிலேயே எண் உண்டு. தாளில் 'ஏ-12' என்று இருந்தால் ஏ சட்டத்தில் பன்னிரண்டாம் பாகம். தேவைப்படும்போது தேவைப்படும் பாகத்தை மட்டும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிக் கொட்டிவிட்டால் எண் போய்விடும், பிறகு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, வெட்டுவது. பல்லால் கடிப்பதும் கையால் முறுக்கிப் பிய்ப்பதும் கூடாது. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சின்ன நிப்பர் போதும். அதுவும் இல்லாவிட்டால் வீட்டு நகவெட்டியே உதவும். இரண்டு முறை வெட்ட வேண்டும். முதல் வெட்டு, பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. பாகம் சட்டத்திலிருந்து விடுபட்ட பிறகு, மிச்சமுள்ள குட்டித் தண்டை ஒட்டி இரண்டாவது வெட்டு. ஒரே வெட்டில் நெருங்கி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு விழும், சில நேரம் பாகத்திலேயே குழி விழும். கடைசியாக உப்புத்தாளில் மெதுவாக நான்கு தேய்ப்பு.

நான்காவது, பூட்டுவது. ஒரு பாகத்தில் முளை இருக்கும், இன்னொன்றில் துளை இருக்கும். முளை துளையைவிட மிகக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அழுத்தும்போது பிளாஸ்டிக் சற்றே நெகிழ்ந்து இடம் கொடுத்து, பிறகு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசை இல்லாமலே நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான். உடம்புப் பாகங்கள் சற்றுக் கெட்டியான பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். மூட்டுகளில் உராய்வைத் தாங்க ஏ.பி.எஸ். என்ற உறுதியான வகையோ, ரப்பர்போல் மெத்தென்ற பாலிஎத்திலீன் வளையமோ வைத்திருப்பார்கள். பல பெட்டிகளில் சட்டத்தின் ஓரத்திலேயே எந்த வகை என்று அச்சிட்டிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேதியியல் பாடம் இதிலேயே இருக்கிறது.

பூட்டும் முன் பாகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். இடக்கையும் வலக்கையும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும், மாறிப்போவது சகஜம். அப்படி மாறிப் பூட்டிவிட்டால் பதற வேண்டாம். பசை போடாததால் பிரித்துவிடலாம். இரண்டு பாகங்களுக்கும் நடுவே உள்ள இடுக்கில் மெல்லிய தகட்டை நுழைத்து, பக்கம் பக்கமாகச் சிறிது சிறிதாக நெம்பினால் வந்துவிடும். இந்தத் தகடு வேலை பெரியவர்களுடையது.

மாறும் ரோபோவில் கூடுதல் கவனம் மூட்டுகளுக்கு வேண்டும். மடக்கும் வரிசை தாளில் இருக்கும். அந்த வரிசை தப்பினால் ஒன்று இன்னொன்றில் இடிக்கும். இடிக்கும்போது பலத்தைக் கூட்டினால் முளை முறியும். எங்கே இடிக்கிறது என்று பார்த்து ஒரு படி பின்னால் போக வேண்டும். பலமுறை மடக்கி விரித்தால் நாளடைவில் மூட்டு தளரும். அப்போது உருண்டை முளையின்மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்டினால் பிடிப்பு திரும்பும். ஈரமாக மாட்டினால் மூட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டுவிடும்.

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள்

முதல் வேண்டுகோள்: பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் பூட்டாதீர்கள். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். பிள்ளை பத்து நிமிடமாக ஒரே பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நமக்குப் பொறுமை போய்விடும். 'இங்கே கொடு' என்று வாங்கி ஒரே அழுத்தில் பூட்டிவிடுவோம். வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை தேடிக்கொண்டிருந்ததை நாம் எடுத்துக்கொண்டுவிடுவோம். அடுத்த முறை முட்டும்போது அது யோசிக்காது, நம்மைக் கூப்பிடும். படிப்பிலும் அப்படியே பழகும். கேட்டால் மட்டும் குறிப்புக் கொடுங்கள். 'தாளில் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்' என்ற ஒரு வரி போதும்.

இரண்டாவது: ஒரே நாளில் முடிக்கச் சொல்லாதீர்கள். இன்று கால், நாளை கை, மறுநாள் உடம்பு என்று பிரித்துக்கொள்ளட்டும். பாதியில் நிறுத்தி, பாகங்களைக் கிண்ணத்தில் பத்திரமாக மூடிவைத்து, மறுநாள் விட்ட இடத்தில் தொடங்குவதும் ஒரு பழக்கம்தானே.

மூன்றாவது: இது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊசியில் நூல் கோர்க்கும் கைக்கு இந்தச் சின்ன முளைகள் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் நன்னி இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். எண் பார்த்துத் தேடுவது பேரப்பிள்ளை, வாங்கிக் கிண்ணத்தில் அடுக்குவது நன்னி.

நான்காவது, மிக முக்கியமானது, பாதுகாப்பு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பாகங்கள் தரையில் கிடக்கவே கூடாது. விளையாட்டுப் பொருள் சோதனையில் ஒரு குழாய் உண்டு, உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எந்தப் பாகமும் சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. இந்தப் பெட்டியில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். தம்பி தங்கை தூங்கும் நேரத்தில் செய்யட்டும். முடிந்ததும் தரையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு எழட்டும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நிப்பரைத் தொட வேண்டாம். வெட்டுவது அண்ணனோ அக்காவோ, பூட்டுவது அவர்கள்.

ஐந்தாவது, விலை. இந்தப் பொருள் இங்கே விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆகவே பெரிய பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். கடன் வாங்கியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறது என்பதற்காகவோ வாங்குவது வீண் விரயம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள். பெயரையும் படத்தையும் திருடிச் செய்த போலிப் பெட்டிகள் மலிவாக வரும். அடுத்தவர் உழைப்பைத் திருடிய பொருள் என்பது ஒருபுறம் இருக்க, அவற்றில் முளையும் துளையும் சரியாகப் பொருந்தாமல் பிள்ளை தன் கையின்மீதே நம்பிக்கை இழப்பதும் உண்டு.

இன்னொரு ஐயமும் சிலருக்கு வரலாம், உருவப் பொம்மையை வீட்டில் வைப்பது பற்றி. அதற்குத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். மாறும் வகையில் ஒரு வசதி உண்டு. பூட்டி முடித்த பிறகு விமானமாகவோ வண்டியாகவோ மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தில் இருக்கும் வாப்பாக்கள்

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வகுப்பைத் தொடங்க எங்களைத் தூண்டிய விஷயம்.

இங்கே அமர்ந்திருக்கும் குடும்பங்களில் பலவற்றில் வாப்பா சவூதியிலோ துபாயிலோ குவைத்திலோ இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். நடுவில் தினமும் வீடியோ கால் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு எப்படிப் போகிறது? 'சாப்பிட்டியா? ஓதினியா? உம்மா சொல்றதைக் கேக்குறியா?' மூன்று கேள்விக்கும் 'ம்' என்று ஒரே பதில். பிறகு போன் உம்மாவின் கைக்குப் போய்விடும். அன்பு இல்லாமல் இல்லை. பேச இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் இல்லை, அவ்வளவுதான். பிள்ளையின் நாள் வாப்பாவுக்குத் தெரியாது, வாப்பாவின் நாள் பிள்ளைக்குத் தெரியாது.

கல்வி உதவி மனுக்களுக்காக வீடுகளுக்குப் போகும்போது இதைத் தாய்மார்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 'வாப்பா லைன்ல இருக்காங்கன்னு கூப்பிட்டா பாத்ரூம்ல போய் நின்னுக்கிறான்' என்று ஒரு தாய் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு வாப்பாமேல் கோபம் எதுவும் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாத கூச்சம்.

நம் ஊர்க் குடும்பம் ஒன்றில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வாப்பா அங்கே ஒரு பெட்டி வாங்கினார். அதே பெட்டி ஒன்றை ஊருக்கு வந்த நண்பர் மூலம் மகனுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, அங்கே அறைக் கட்டிலில் அவரும் இங்கே கூடத்தில் மகனும் போனை எதிரே சாய்த்துவைத்து ஒரே பக்கத்தைத் திறந்து பூட்டினார்கள். 'வாப்பா, பி-7 தலைகீழா மாட்டிட்டீங்க' என்று மகன் திருத்தினான். அவர் பிரித்து மாட்டினார். வாரம் ஒன்றரை மணி நேரம், ஐந்து வாரம் ஆனது முடிக்க. நடுநடுவே, கேட்காமலே, பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன்னை அடித்ததை அவன் சொன்னான். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து 'என்னப்பா பிரச்சினை?' என்று கேட்டிருந்தால் அது வந்திருக்காது.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் வாப்பாக்களுக்கும் இந்த இதழின் மூலம் சொல்கிறோம்: அடுத்த முறை பிள்ளைக்கு என்ன அனுப்பலாம் என்று யோசிக்கும்போது, சேர்ந்து செய்யக்கூடியதாக ஒன்றை அனுப்புங்கள். ரோபோதான் என்றில்லை. அங்கே கிடைக்காவிட்டால் பெட்டியே வேண்டாம், பிள்ளை பூட்டும்போது லைனில் இருந்து தாளின் படத்தைப் பார்த்து எண்ணை வாசித்துக் கொடுத்தாலும் போதும்.

வாப்பா இல்லாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார மாமாவோ பெரியப்பாவோ முன்வர வேண்டும். யாரும் இல்லையென்றால் நமது தொண்டர்கள் உட்காருவார்கள். உதவித்தொகையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடலாம். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவதைக் கவரில் போட முடியாது. இதற்கு நேரம் தரக்கூடிய சகோதரர்கள், சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வகுப்பு பொதுக் கூடத்தில், கதவு திறந்திருக்க, எப்போதும் இரண்டு பெரியவர்கள் முன்னிலையில்தான் நடக்கும்.

முடிந்த பிறகு

பூட்டி முடித்ததும் மிஞ்சுவது வெறும் சட்டங்கள். அவை தெருவுக்கோ சாக்கடைக்கோ போகக் கூடாது. ஜப்பானில் 2021 முதல் இந்தச் சட்டங்களைத் திரும்ப வாங்கி மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாட்டைப் பண்டாய் குழுமம் நடத்துகிறது. இங்கே அந்த வசதி இல்லை. எனவே வகுப்பில் ஒரு சாக்கு வைத்திருப்போம். எல்லாச் சட்டங்களும் அதில் சேரும். பிறகு பழைய பிளாஸ்டிக் எடுக்கும் கடைக்குப் போகும். எரிக்க வேண்டாம், புகை கெடுதி.

செய்து முடித்த ரோபோவைப் பிள்ளை ஒரு வாரம் வைத்து விளையாடும். பிறகு அலமாரியில் நின்றுவிடும். அதற்கும் ஒரு வழி யோசித்திருக்கிறோம். விருப்பமுள்ள பிள்ளைகள் அதைப் பொறுமையாகப் பிரித்து, பாகங்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, விளக்கத்தாளோடு நமது நூலகத்தில் கொடுக்கலாம். சட்டத்தில் இருந்த எண் போய்விடுவதால், பிரிக்கும்போதே கால், கை, உடம்பு என்று தனித்தனிப் பையில் போட வேண்டும். புத்தகம் இரவல் வாங்குவதுபோல் அடுத்த பிள்ளை அதை வாங்கிப்போய்ப் பூட்டும். யாரையும் வற்புறுத்த மாட்டோம். தானே செய்ததைத் தர மனம் வராத பிள்ளையைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். அது அவர்களின் முதல் உழைப்பு.

வகுப்பு ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்பு முடியும். இருவருக்கு ஒரு பெட்டி. நிப்பரும் உப்புத்தாளும் நாங்கள் தருவோம். நீங்கள் கொண்டுவர வேண்டியவை ஒரு தாம்பாளம், ஒரு துணி, நான்கு கிண்ணம். போனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும். வாப்பாவிடம் காட்ட வேண்டும் என்பவர்களுக்காக மட்டும் ஒரு போன் மேசைமேல் இருக்கும். அதை முறை வைத்துக் கொடுப்போம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த சனிக்கிழமை சந்திப்போம். பிள்ளைகளே, வரும்போது ஒரு கேள்விக்குப் பதிலோடு வாருங்கள். உங்கள் வீட்டில் மடக்கி வைக்கும் பொருள்கள் எவை? குடை, நாற்காலி, ரைஹான் பலகை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, இன்னும் என்னென்ன? அவற்றின் மூட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் மடங்குகிறது, எது மடங்காமல் தடுக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். முதல் வகுப்பை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

வஸ்ஸலாம்.